மானிட்டரில் படம் நன்றாகத் தெரிவது எதனால்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும் பார்க்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்கள், கண்டாங்கிச் சேலையை ஆன்லைனில் விற்பவர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர்கள், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் மானிட்டரைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். எளிதானவை முதலில் வரும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் பேசுவதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

அண்ணே, ரெண்டும் 24 இஞ்ச்தான். ஒண்ணுக்கு இன்னொண்ணு ரெண்டு மடங்கு விலை. அப்படி என்ன வித்தியாசம்?

இஞ்ச் கணக்கு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்குமான நீளம், அவ்வளவுதான். படம் எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. அதைச் சொல்பவை வேறு: எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி), அவை எவ்வளவு நெருக்கம், பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி) எந்த வகை, கருப்பு எந்த அளவுக்குக் கருப்பாக இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு, நிறம் எவ்வளவு சரி, அசையும் படம் எவ்வளவு தெளிவு.

இதெல்லாம் செட்டுக்குள் இருப்பவை. செட்டுக்கு வெளியே மூன்று உண்டு: வயர், செட்டிங்ஸ், மானிட்டர் இருக்கும் இடம். "படம் சரியில்லை" என்று என்னிடம் வரும் பல மானிட்டர்களில் பேனலில் ஒரு குறையும் இருப்பதில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் புதிதாகப் பணம் போடுவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஃபுல் எச்டி, 2கே, 4கேன்னு சொல்றாங்களே, இது என்ன கணக்கு?

திரையில் இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை. பழைய லேப்டாப்களில் இருந்த 1366 × 768 என்றால் சுமார் பத்தரை லட்சம் பிக்சல். ஃபுல் எச்டி 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம். கடைகளில் 2கே என்று சொல்லி விற்பது பெரும்பாலும் 2560 × 1440. அது கிட்டத்தட்ட 37 லட்சம். 4கே என்பது 3840 × 2160, சுமார் 83 லட்சம். ஃபுல் எச்டியைப் போல் சரியாக நான்கு மடங்கு.

எல்சிடி பேனலில் இந்த எண்ணிக்கை ஃபேக்டரியிலேயே முடிவாகிவிட்டது. 1920 பிக்சல் அகலமுள்ள பேனலை 1366-ல் ஓட்டினால் ஒரு பிக்சலில் காட்ட வேண்டியதை ஏறக்குறைய 1.4 பிக்சலில் பரப்ப வேண்டி வரும். பாதிப் பிக்சல் என்று ஒன்று கிடையாது என்பதால் ஓரங்கள் கலங்கும். மங்கலாகத் தெரிகிறது என்றால் முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, ரெசொல்யூஷன் 'ரெகமண்டட்' என்று இருப்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

27 இஞ்ச்லயும் அதே ஃபுல் எச்டி கிடைக்குது. பெருசாவே எடுத்துடலாமே?

வீடியோ மட்டும் பார்ப்பதென்றால் எடுக்கலாம். எழுத்து படிக்கிற வேலைக்கு வேண்டாம். அதே 20 லட்சம் பிக்சலைப் பெரிய பரப்பில் விரித்தால் ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகும். ஃபுல் எச்டி 21.5 இஞ்சில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 102 பிக்சல், 24 இஞ்சில் 92, 27 இஞ்சில் 82. அதே 27 இஞ்ச் 2560 × 1440 ஆக இருந்தால் 109, 4கே ஆக இருந்தால் 163.

நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பது கண் மருத்துவக் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் 27 இஞ்ச் ஃபுல் எச்டியில் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாகத் தள்ளி உட்கார வேண்டும். 24 இஞ்ச் என்றால் 95 சென்டிமீட்டர், 27 இஞ்ச் 1440 என்றால் 80, 27 இஞ்ச் 4கே என்றால் 53. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் பொதுவாக இரண்டடி, இரண்டரை அடி தூரத்தில் இருக்கிறோம்.

தமிழ் டைப் செய்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் நேர்கோடு அதிகம். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். 10 பாயிண்ட் அளவில் 'ஞ', 'ஜ', 'ணை' இவற்றை 27 இஞ்ச் ஃபுல் எச்டியில் போட்டுப் பாருங்கள். சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை அடைபட்டுப்போகும், புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். ப்ரூஃப் பார்ப்பவருக்கு 'ன' எது, 'ன்' எது என்பதிலேயே தடுமாற்றம் வரும். டிடிபி வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது 24 இஞ்ச் ஃபுல் எச்டி அல்லது 27 இஞ்ச் 1440. இரண்டுக்கும் நடுவில் எதையும் சொல்வதில்லை.

27 இஞ்ச் 4கே வாங்கினேன். எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கு. ரெசொல்யூஷனைக் குறைச்சு வச்சிருக்கேன், சரிதானே?

சரியில்லை. 83 லட்சம் பிக்சலுக்குக் காசு கொடுத்துவிட்டு 20 லட்சத்தை மட்டும் பார்க்கிறீர்கள். ரெசொல்யூஷனை 3840 × 2160-லேயே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'ஸ்கேல்' என்பதை 150 சதவீதமாக்குங்கள். எழுத்து வேண்டிய அளவுக்குப் பெரிதாகும், ஒவ்வொரு எழுத்தையும் வரைய அதிகப் பிக்சலும் கிடைக்கும். சில பழைய அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்கள் மட்டும் ஸ்கேல் ஏற்றினால் மங்கும். அது அந்த சாஃப்ட்வேரின் குறை, மானிட்டருடையது அல்ல.

ஐபிஎஸ், விஏ, டிஎன்... எதை எடுக்கிறது?

மூன்றும் எல்சிடிதான். பின்னால் எப்போதும் எரியும் ஒரு விளக்கு, முன்னால் அந்த வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதுமாக இருக்கும் திரவப் படிகங்கள். அந்தப் படிகங்கள் எப்படித் திரும்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. டிஎன் விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் எழுந்து நின்று பார்த்தால் ஒரு நிறம், உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிறம். ஐபிஎஸ் 1996-ல் ஹிட்டாச்சி கொண்டுவந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. விஏ-யில் கருப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் வெளிறும், இருட்டான காட்சி நகரும்போது கருநிழல் போல இழுக்கும்.

கடைக்கு, ஸ்டூடியோவுக்கு, நாலு பேர் சேர்ந்து பார்க்கும் இடத்துக்கு ஐபிஎஸ்தான் என் தேர்வு. கல்யாண வீட்டார் ஆல்பம் பார்க்க வந்தால் ஒருவர் மட்டுமா நேரே உட்காருகிறார்? அம்மா, அத்தை, மாமா என்று சுற்றிலும் நிற்பார்கள். அத்தனை பேருக்கும் பெண்ணின் முகம் ஒரே நிறத்தில் தெரிய வேண்டும்.

ஓலெட் தனி வகை. பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், கருப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். படம் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் நாளெல்லாம் ஒரே பில்லிங் திரை நிற்கும் கடையில் வைத்தால் அந்தத் திரையின் தடம் பேனலில் நிரந்தரமாகப் படிந்துவிடும் ஆபத்து உண்டு.

பாக்ஸ்ல கான்ட்ராஸ்ட் ஒரு கோடிக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே, அவ்வளவு நல்லதா இது?

கான்ட்ராஸ்ட் என்பது கருப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு. அந்தப் பெரிய எண் 'டைனமிக்' கான்ட்ராஸ்ட். திரை முழுக்க வெள்ளையாக இருக்கும்போது ஓர் அளவு, முழுக்கக் கருப்பாக்கி விளக்கையே தணித்துவிட்டு இன்னோர் அளவு எடுத்து வகுத்தது. ஒரே படத்தில் கருப்பும் வெள்ளையும் சேர்ந்து வரும்போது இது உதவாது. 'டிபிகல்' அல்லது 'ஸ்டேட்டிக்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சாதாரண ஐபிஎஸ் சுமார் 1000-க்கு 1, விஏ சுமார் 3000-க்கு 1.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வெள்ளை 250 நிட்ஸ் என்றால், 1000-க்கு 1 உள்ள பேனலின் கருப்பு 0.25 நிட்ஸ். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கருப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான். விஏ-யில் அது 0.08-க்கு இறங்கும். ராத்திரி இருட்டில் படம் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படும். பகலில் கடையில் உட்கார்ந்திருப்பவருக்குப் படாது. ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

வளவுல முற்றத்தைப் பார்த்து மேசை போட்டிருக்கோம். பகல்ல ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியலை. நிட்ஸ் அதிகமா உள்ளதா வாங்கணுமா?

முதலில் மேசையைத் திருப்புங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வானத்துக்குத் திறந்த முற்றத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் சாமான்யமானதல்ல. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த சுவர் பளபளக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பளபளக்கும். வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, நாலா பக்கமும் பட்டுத் திரும்பி வருகிறது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முற்றத்தின் ஓரத்தில் திரைமேல் 1000 லக்ஸ் (விழும் வெளிச்சத்தை அளக்கும் கணக்கு) வெளிச்சம் விழுவதாகவும், பளபளப்பில்லாத மேட் திரை அதில் 2 சதவீதத்தைப் பரவலாகத் திருப்பி அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். திரை முழுக்கச் சுமார் 6.4 நிட்ஸ் கூடுதல் வெளிச்சம் படியும். 0.25 ஆக இருந்த கருப்பு 6.6 ஆகிவிடும், வெள்ளை 250-லிருந்து 256 ஆகும். 1000-க்கு 1 என்று வாங்கிய கான்ட்ராஸ்ட் 39-க்கு 1 ஆக விழுந்துவிட்டது. அந்த இடத்தில் ஐபிஎஸ், விஏ, ஓலெட் எதை வைத்தாலும் கருப்பு என்பதே கிடைக்காது. 250-க்குப் பதில் 400 நிட்ஸ் வாங்கினாலும் 60-ஐத்தான் தாண்டும். மேசையை உள்ளறைக்குக் கொண்டுபோனால் வெளிச்சம் 100 லக்ஸுக்கு இறங்கும், கான்ட்ராஸ்ட் 280-ஐத் தாண்டும். செலவு ஏதும் இல்லை.

உள்ளறை இல்லாவிட்டால் திரை முற்றத்தைப் பார்க்கவும் கூடாது, முற்றத்துக்கு முதுகு காட்டவும் கூடாது. பார்த்தால் வெளிச்சம் திரையில் விழும். முதுகு காட்டினால் பின்னாலிருக்கும் வெளிச்சம் உங்கள் கண்ணில் விழும். பக்கவாட்டில் வையுங்கள். பளபளப்பான கிளாஸித் திரை இந்த வீடுகளுக்கு ஏற்றதல்ல.

பிரைட்னஸ் 100ல வச்சாத்தான் பளிச்னு இருக்கு. அப்படியே விட்டுடலாமா?

விட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் வரை குறையுங்கள். அறைக்கு அறை அது மாறும். உள்ளறையில் பெரும்பாலும் 30, 40-லேயே போதுமானதாக இருக்கும். முதல் நாள் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும்.

ஆல்பம் டிசைன் பண்றப்ப மானிட்டர்ல அருமையா இருக்கு, பிரிண்ட் இருட்டா வருது. லேப் மேல தப்பா?

இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் லேப் மேல் தப்பில்லை. மேலே சொன்ன பிரைட்னஸ்தான் காரணம். திரையை 250 நிட்ஸில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்; முகம் வெளிச்சமாகத் தெரிகிறது, அதனால் படத்தில் ஏற்ற வேண்டிய வெளிச்சத்தை ஏற்றாமல் விடுகிறீர்கள், சில சமயம் குறைக்கவும் செய்கிறீர்கள். பிரிண்ட் தானாக ஒளிராது. அறையில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். பிரிண்ட் வேலைக்கு மானிட்டர் 80 முதல் 120 நிட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழக்கம்.

இரண்டாவது, மானிட்டர் மெனுவில் இருக்கும் 'விவிட்', 'மூவி', 'கேம்' மோடுகள். அவை நிறத்தைத் தூக்கிக் காட்டுவதற்காகச் செய்தவை. 'எஸ்ஆர்ஜிபி' (இணையப் படங்களுக்கான பொது நிற எல்லை) மோடு இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் 'ஸ்டாண்டர்ட்'. கலர் டெம்பரேச்சர், அதாவது வெள்ளை மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்ற அளவு, 6500 கெல்வின். இரவில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வேலை நேரத்தில் ஓடக் கூடாது. மாலை ஆறு மணிக்குமேல் டிசைன் செய்த பக்கங்கள் மட்டும் நீலம் அடிக்கின்றன என்றால் இதுதான் காரணம்: திரை மஞ்சளாக இருப்பதால் கை தானாக நீலத்தை ஏற்றிவிடுகிறது.

மூன்றாவது, லேபிடம் அவர்கள் மெஷினிலும் பேப்பரிலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஐசிசி ப்ரொஃபைல் என்ற ஃபைலைக் கேட்டு வாங்கி, ஃபோட்டோஷாப்பில் 'ப்ரூஃப் செட்டப்'பில் ஏற்றிப் பாருங்கள். எந்த நிறம் பேப்பரில் வராது என்று அனுப்புவதற்கு முன்பே தெரியும். பிரிண்டைப் பார்க்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் வைத்துக்கொண்டு கலர் சரியில்லை என்று லேபோடு சண்டை போடுவது நியாயமில்லை.

கண்டாங்கிச் சேலை ஆன்லைன்ல போடுறேன் தம்பி. படத்துல அரக்கு, கையில செங்கல் கலர்னு திருப்பி அனுப்புறாங்க. என் மானிட்டர் தப்பா, அவங்க போன் தப்பா?

ஆச்சி, தப்பு மூன்று இடத்தில் நடக்கலாம்: படம் எடுக்கும்போது, நீங்கள் மானிட்டரில் பார்த்துத் திருத்தும்போது, வாங்குபவர் போனில். மூன்றாவது உங்கள் கையில் இல்லை. முதல் இரண்டும் உங்கள் கையில்.

படத்தை டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். முற்றத்து நிழலில், நேர்வெயில் படாத தாழ்வார ஓரத்தில், விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். முதல் படத்தில் சேலையோடு ஒரு சாம்பல் நிற அட்டையை வையுங்கள். கம்ப்யூட்டரில் வைட் பேலன்ஸ் ஊசியால் அந்த அட்டையைத் தொட்டால் படத்தின் நிறச்சாய்வு நீங்கும். அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் போடலாம். அதன் பிறகு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, எஸ்ஆர்ஜிபி மோடில் இருக்கும் திரையோடு ஒப்பிடுங்கள். சேமிக்கும்போதும் எஸ்ஆர்ஜிபியிலேயே சேமியுங்கள். நிற ப்ரொஃபைல் இல்லாத படத்தை ஒவ்வொரு சாதனமும் தன் இஷ்டத்துக்குக் காட்டும்.

இவ்வளவு செய்தாலும் அழுத்தமான மயில்கழுத்து நிறம் போன்ற சில சாயங்களைச் சாதாரணத் திரையால் முழுதாகக் காட்ட முடியாது. அந்தச் சேலைகளுக்கு நிறத்தை விவரத்தில் எழுதுங்கள், கேட்பவருக்கு முற்றத்து வெளிச்சத்தில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

சேலைக் கட்டம் ஸ்க்ரீன்ல அலை அலையா நெளியுது. ஸ்க்ரீன் போயிருச்சா?

ஸ்க்ரீன் நன்றாகத்தான் இருக்கிறது. கட்டத்தின் கோடுகளும் பிக்சல் வரிசைகளும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளிக்கு வரும்போது இரண்டும் மோதி இல்லாத அலைகள் தோன்றும். மோரே என்பார்கள். படத்தை 100 சதவீதத்தில் திறந்து பாருங்கள். அலை மறைந்தால் அது சுருக்கிக் காட்டியதால் வந்தது. படத்தைச் சிறிதாக்குவதற்கு முன் லேசாக மங்கலாக்கினால் போய்விடும். 100 சதவீதத்திலும் இருந்தால் கேமராவிலேயே விழுந்துவிட்டது. ஓரடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்து மறுபடியும் எடுப்பதுதான் வழி. நெருக்கமான சின்னக் கட்டம் உள்ள சேலைகளில் இது அதிகம் வரும்.

எஸ்ஆர்ஜிபி 99%, என்டிஎஸ்சி 45%, பி3 95%... எதைப் பார்த்து வாங்குறது?

மூன்றும் வெவ்வேறு நிற எல்லைகள். எஸ்ஆர்ஜிபி 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தது. இணையத்தில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் இதற்குள்தான். டிசிஐ-பி3 சினிமாத் திரைக்காக வந்தது, அதைவிட விரிந்தது. என்டிஎஸ்சி பழைய அமெரிக்க டிவி அளவு. என்டிஎஸ்சி 72 சதவீதம் என்றால் பரப்பில் எஸ்ஆர்ஜிபி முழுமைக்கு ஏறக்குறைய சமம். என்டிஎஸ்சி 45 சதவீதம் என்று போட்ட லேப்டாப்பில் சிவப்பும் பச்சையும் வெளிறித்தான் தெரியும். நிற வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

விரிந்த எல்லையே எப்போதும் நல்லது என்றும் இல்லை. பி3 திரையில் ப்ரொஃபைலைக் கவனிக்காத சாஃப்ட்வேர் ஒன்று எஸ்ஆர்ஜிபி படத்தைக் காட்டினால் குங்குமச் சிவப்பு கண்ணைக் குத்தும். அதோடு, எவ்வளவு நிறம் காட்ட முடியும் என்பது ஒன்று, காட்டும் நிறம் சரியா என்பது வேறு. இரண்டாவதைச் சொல்வது 'டெல்டா ஈ' என்ற எண். 2-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

1.67 கோடி கலர், 107 கோடி கலர்னு போடுறாங்களே?

ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள் என்றால் 8 பிட், மொத்தம் 1.67 கோடி. 1024 படிகள் என்றால் 10 பிட், 107 கோடி. விலை குறைந்த சில பேனல்கள் உண்மையில் 6 பிட்தான். இரண்டு அடுத்தடுத்த நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி இடைநிறம் போலத் தோன்ற வைக்கின்றன. மாலை வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் படிகள் போதவில்லை என்று பொருள். அன்றாட வேலைக்கு உண்மையான 8 பிட் போதும்.

காலிபரேஷன்கிறதை கண்ணால பார்த்து நாமே பண்ண முடியாதா?

பாதி முடியும். திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் காலிபரேஷன். கருப்புப் பகுதியில் விவரம் தெரிகிறதா, சாம்பல் படிகள் சீராக ஏறுகின்றனவா என்பதை விண்டோஸில் இருக்கும் கலர் காலிபரேஷன் கருவியை வைத்துக் கண்ணாலேயே சரி செய்யலாம். வெள்ளை சரியான வெள்ளையா என்பதை மட்டும் கண்ணால் சொல்ல முடியாது. பத்து நிமிடம் நீலச் சாயல் உள்ள திரையைப் பார்த்தால் அதையே வெள்ளை என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

அதற்குக் கலரிமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. திரைமேல் வைத்தால் அதுவே நிறங்களை அளந்து ப்ரொஃபைல் எழுதிக் கொடுக்கும். ஆல்பம் தொழிலில் இருப்பவர்கள் அடுத்த மானிட்டருக்குச் சேர்க்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள் என்பது என் கருத்து. நாலைந்து ஸ்டூடியோ சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். மானிட்டரைப் போட்டு அரைமணி நேரம் கழித்து அளக்க வேண்டும். பின்விளக்கு நாளாக ஆக மங்கி மஞ்சளாகும் என்பதால் ஒரு மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளக்க வேண்டும்.

பழைய விஜிஏ வயர்தான் கிடக்கு. அதுல போட்டா என்ன? தங்க முலாம் போட்ட எச்டிஎம்ஐ வாங்கணுமா?

விஜிஏ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் இணைப்பு. ஃபுல் எச்டியில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், எர்த் சரியில்லாத கட்டடத்தில் கோடுகள் மெதுவாக மேலேறும். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் போட்டாலே படம் தெளிவாகும். வேறு வழியில்லை என்றால் மானிட்டரில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' கொடுங்கள்.

தங்க முலாமால் நிறம் கூடாது. டிஜிட்டல் வயரில் படம் முழுதாக வந்து சேரும், அல்லது புள்ளி தெறிக்கும், அணைந்து அணைந்து வரும். நடுவில் 'கொஞ்சம் மங்கல்' என்ற நிலை கிடையாது. 4கே-க்கு மட்டும் கவனம் வேண்டும்: எச்டிஎம்ஐயில் 1.4 என்ற பதிப்பு வரை 4கே-யில் விநாடிக்கு 30 படம்தான், மவுஸ் இழுபடும். 60 வேண்டுமென்றால் கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டிலும் 2.0 இருக்க வேண்டும், வயரும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

வீட்ல 43 இஞ்ச் 4கே டிவி சும்மா இருக்கு. மானிட்டரா போட்டுக்கலாமா?

பிக்சல் நெருக்கத்தைப் பார்த்தால் தாராளமாக: அங்குலத்துக்கு 102, மேலே சொன்ன 21.5 இஞ்ச் ஃபுல் எச்டிக்குச் சமம். ஆனால் டிவி என்பது வரும் படத்தைத் தன் போக்கில் மெருகேற்றும் சாதனம். எழுத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு தெரிந்தால் ஷார்ப்னஸைக் குறையுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள்.

சிவப்பு எழுத்து மட்டும் கலங்குகிறது என்றால் டிவி நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்து வாங்குகிறது. சினிமாவில் அது தெரியாது, எழுத்தில் தெரியும். அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு டிவி மெனுவில் 'பிசி' என்று பெயர் கொடுத்தால் பல மாடல்களில் 4:4:4 என்ற முழு நிறத்துக்கு மாறிவிடும். கருப்பு சாம்பலாக இருந்தால் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஆர்ஜிபி 'லிமிடெட்', 'ஃபுல்' இரண்டில் டிவிக்குப் பொருந்துவது எது என்று மாற்றிப் பாருங்கள்.

144 ஹெர்ட்ஸ் எடுத்தா படம் இன்னும் தெளிவா இருக்குமாண்ணே?

நிற்கும் படம் அப்படியேதான் இருக்கும். ஓடும் படம் தெளியும். ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி திரையில் நிற்கிறது, 144-ல் 6.9. கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு நிச்சயம் வித்தியாசம் தெரியும்; சேலைப் படம் திருத்துபவருக்குத் தேவையில்லை. வாங்கியவர்கள் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், பல செட்டுகள் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

எச்டிஆர் 400 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஆனா எச்டிஆர் போட்டா படம் முன்னைவிட வெளிறுது?

எச்டிஆர் என்பது ஒரே படத்தில் வெளிச்சமான இடத்தை அதிக வெளிச்சமாகவும் இருட்டை இருட்டாகவும் காட்டும் முறை. அந்தத் தர அடையாளத்தை வீசா (VESA) என்ற திரைத் தர அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்தது. 400 என்பது அதன் கீழ்ப்படி. உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் வர வேண்டும். பின்விளக்கைப் பகுதி பகுதியாகத் தணிக்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே விளக்கு திரை முழுக்க எரிந்தால், சூரியனுக்காக அதை ஏற்றும்போது நிழலும் சேர்ந்து ஏறும். அதனால்தான் வெளிறுகிறது. எச்டிஆரை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உண்மையான எச்டிஆர் வேண்டுமென்றால் ஓலெட், அல்லது பின்விளக்கு நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரிந்த மினி எல்இடி.

செகண்ட்ஹேண்ட் மானிட்டர் பார்க்கப் போறேன். கடையில நின்னுக்கிட்டு எதைச் சோதிக்கிறது?

போனில் வெள்ளை, கருப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆறு வெற்றுப் படங்களும், சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கமும் எடுத்துப் போய், மானிட்டரில் போட்டுப் பாருங்கள். சாம்பலில் கறை தெரியும், நிறங்களில் செத்த பிக்சல் தெரியும், வெள்ளையில் மஞ்சள் ஏறியிருப்பது தெரியும். கருப்பைக் கடை விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். மூலையில் வெளிச்சம் கசிந்து, தலையை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தால் அது ஐபிஎஸ் பேனலின் இயல்பு. நகராமல் அதே இடத்தில் நின்றால் பேனல் அழுந்தியிருக்கிறது. பிரைட்னஸைக் குறைத்து, போன் கேமரா வழியே திரையைப் பாருங்கள். பட்டைகள் அழுத்தமாக ஓடினால் விளக்கு வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. சிலருக்கு அது தலைவலி தரும்.

ரெண்டும் ஒரே மாடல், ஒரே நாள் வாங்கினது. பக்கத்துல பக்கத்துல வச்சா கலர் வேற வேறயா இருக்கே?

ஒரே மாடல் பெயரில் வரும் பேனல்களும் விளக்குகளும் எல்லாம் ஒரே வார்ப்பில் வருவதில்லை. எல்இடிகளில் சிறு நிற மாறுபாடு ஃபேக்டரியிலேயே உண்டு. சில சமயம் உள்ளிருக்கும் பேனலைச் செய்த கம்பெனியே வேறாக இருக்கும். ஒன்று அதிக நேரம் ஓடியிருந்தால் அதுவும் சேரும். தனித்தனி அறையில் வைத்தால் யாருக்கும் தெரியாத வித்தியாசம், பக்கத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரியும்.

கலரிமீட்டர் இருந்தால் இரண்டையும் ஒரே இலக்குக்கு, 6500 கெல்வின், 100 நிட்ஸ் என்று அளந்து கொண்டுவாருங்கள். அளந்த பிறகும் வெள்ளை சற்று வேறாகத் தெரியலாம். வேறு வேறு விளக்குகளின் ஒளிக்கலவையைக் கருவியும் கண்ணும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. அப்போது நல்ல பேனல் எதுவோ அதை அப்படியே விட்டுவிட்டு, மற்றதன் மெனுவில் 'யூசர்' மோடுக்குப் போய் சிவப்பு, பச்சை, நீலத்தில் எது கூடுதலாகத் தெரிகிறதோ அதை ஒவ்வொரு புள்ளியாகக் குறையுங்கள். ஏற்றாதீர்கள், ஏற்றினால் வெளிச்சமான இடங்களில் விவரம் தொலையும். கருவியே இல்லாதவர்களும் இதைச் செய்யலாம், முதலில் இரண்டின் பிரைட்னஸையும் வெள்ளைத் தாளை வைத்துச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். நிறம் பார்த்து முடிவெடுக்கும் வேலையை எப்போதும் ஒரே மானிட்டரில் செய்யுங்கள். இரண்டாவதில் மெயிலும் ஃபோல்டரும் திறந்திருக்கட்டும்.